உடைந்த கார் சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வண்டியின் மாடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

கணவருக்கு வயது 41. சின்ன அளவில் ஜவுளி வியாபாரம். 2022-ல் 11 லட்சத்துச் சொச்சம் கொடுத்துப் புதுக் கார் வாங்கினார்கள், ஆர்.சி. கணவர் பெயரில். நாலரை மாதத்துக்கு முன் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்த காரின் பின்னால் ஒரு சரக்கு லாரி வந்து மோதியது. கணவர் ஓட்டுநர் சீட்டில் பெல்ட் போட்டிருந்தார். கடிதம் எழுதிய வாசகி பக்கத்துச் சீட்டில். ஏழு வயது மகன் கணவருக்கு நேர் பின்னால், பெல்ட் இல்லாமல். மோதிய வேகத்தில் ஓட்டுநர் சீட்டின் சாய்மானம் முறிந்து அப்படியே பின்னால் மல்லாந்துவிட்டது. கணவர் பெல்ட்டுக்குள்ளிருந்து பின்னோக்கி வழுக்கிப் போய், தலை பின்சீட்டில் இடித்து, கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். வலது கையில் பலம் இல்லை. சாய்மானம் மேலே விழுந்ததில் மகனுக்குத் தொடை எலும்பு முறிவு. பக்கத்துச் சீட்டு முறியவில்லை. வாசகிக்குச் சில நாள் கழுத்து வலியோடு போயிற்று.

கார் இப்போது சர்வீஸ் சென்டர் யார்டில் நிற்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்து, கையெழுத்துப் போட்டு வண்டியை ஒப்படைக்கச் சொல்கிறது. யார்டுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் வாடகை ஏறுகிறது. ஷோரூம் மேனேஜர், "5 ஸ்டார் வண்டிங்க, லாரி இடிச்சதுக்கு கம்பெனி என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கார் வாங்கினால் ஒன்றரை லட்சம் குறைப்பதாகவும், அதற்கு ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்கிறார். வாரண்டி முடிந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். லாரி இன்சூரன்ஸில் பணம் வாங்கினால் கார் கம்பெனி மேல் போக முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மகனுக்கு பெல்ட் போடாதது தன் தவறு என்று கணவர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். வாசகி கேட்பது: ஏர்பேக் ஒன்றுகூட விரியவில்லை, அதை வைத்துக் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? இவருடைய தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை யார்டுக்குப் போய் காரில் இருக்கும் சாமான்களை எடுத்துவரப் போகிறார். அதன் பிறகு வண்டியைக் கொடுத்துவிடலாமா?

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது. இதற்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. வேறு வண்டி, வேறு கம்பெனி. அவர்களிடம் ஆஸ்பத்திரி பில் இருந்தது, எஃப்.ஐ.ஆர். இருந்தது, செல்போனில் எடுத்த மங்கலான நான்கு படங்கள் இருந்தன. வண்டி மட்டும் இல்லை. இன்சூரன்ஸ் காரர்கள் எடுத்து ஏலம் விட்டு, அது எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையில் நசுங்கியதோ தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குறை இருந்ததாகச் சொல்லும் அந்தப் பாகம் எங்கே?" அந்த வழக்கு அதற்கு மேல் நகரவில்லை. உங்கள் வழக்கில் சாட்சி அந்த சீட்தான். அது பேசும், ஆனால் இருந்தால்தான் பேசும்.

வண்டியை எப்படிக் காப்பாற்றுவது

பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று வைத்துக்கொள்வது நடைமுறை. அப்படி முடிவானாலும் உடைந்த வண்டியை அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்கிராப் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள், வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்று கேட்கலாம். கையில் வரும் தொகை கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை வழக்குக்கான செலவாக எண்ணிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கையெழுத்துக்கு நீட்டும் தாள்களில் உங்கள் உரிமைகளை அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கும் கடிதமும் இருக்கும். அது காரின் சேதத்துக்கு மட்டும் என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உடம்புக்கு ஏற்பட்ட காயம் பற்றிய உரிமை அதில் கலந்துவிடக் கூடாது.

உடனே மூன்று பேருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்: இன்சூரன்ஸ் கம்பெனி, சர்வீஸ் சென்டர், கார் தயாரித்த கம்பெனி. ஓட்டுநர் சீட் விபத்தில் முறிந்தது, அதுபற்றிச் சட்ட நடவடிக்கை எடுக்க இருக்கிறோம், காரையும் அதன் எந்தப் பாகத்தையும் அகற்றவோ கழற்றவோ பழுது பார்க்கவோ கூடாது என்று எழுதினால் போதும். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, தேதியும் ஒப்புகைச் சீட்டும் முக்கியம். பிறகு வண்டியை டோ செய்து, கூரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜவுளிக் குடோனில் ஒரு மூலை இருந்தால் அதுவே போதும். நாளுக்கு 300 ரூபாயும் மிச்சம். கூரை என்று ஏன் சொல்கிறேன் என்றால், உடைந்த இரும்பின் வெட்டுமுகத்தைப் பார்த்தே அது ஒரே அடியில் முறிந்ததா, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததா, வெல்டிங் சரியாகப் பிடிக்காமல் இருந்ததா என்று உலோகவியல் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ரெண்டு மழை பட்டுத் துரு ஏறினால் அந்த எழுத்து அழிந்துவிடும்.

சீட்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். போல்ட், சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், தரைத்தகடு எல்லாம் சேர்ந்ததுதான் சீட். நீங்களே கழற்றினால், கழற்றும்போது உடைந்தது என்று சொல்ல அவர்களுக்கு வழி பிறக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் வண்டியிலேயே இருக்கட்டும். பல கார்களில் மோதலின் வேகமாற்றம், பெல்ட் மாட்டியிருந்ததா போன்றவை அதில் பதிவாகியிருக்கும்.

ஏர்பேக் பற்றி

உங்கள் வழக்கை நீங்களே தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறீர்கள். முன்பக்க ஏர்பேக் முன்னாலிருந்து மோதினால் விரிய வேண்டியது. பின்னாலிருந்து இடிக்கும்போது உடம்பு சீட்டுக்குள் அழுந்துமே தவிர ஸ்டீயரிங்கை நோக்கிப் போவதில்லை. அதனால் அப்போது அது விரியாமல் இருப்பது பொதுவாக இயல்புதான். ஏர்பேக்கை முதல் குற்றச்சாட்டாக வைத்தால் கம்பெனியின் இன்ஜினீயர் ஐந்து நிமிடத்தில் அதைத் தள்ளிவிடுவார். அந்த வேகத்தில் உங்கள் உண்மையான குறையும் அடிபட்டுப் போகும்.

நீங்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் புரிகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் கிரெட்டா கார் வழக்கில் சொன்ன தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. 2017-ல் டெல்லி – பானிபட் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் மொத்தம் 3 லட்சம் ரூபாயும், வண்டியை மாற்றித் தரவும் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது. மோதலின் விசையைக் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணர் இல்லை என்று நீதிபதிகள் சொன்னது அதில்தான். உங்களுக்கு உதவக்கூடிய வரி அது. ஆனால் அங்கே முன்பக்கம் பலமாக அடிபட்டிருந்தது. அந்தத் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏர்பேக்கை விட்டுவிடுங்கள்.

சீட் என்ன செய்திருக்க வேண்டும்?

பின்னால் இடி விழும்போது ஓட்டுநரைத் தாங்குவது பெல்ட் இல்லை, சாய்மானம்தான். அந்த ஒரு கணத்தில் அதுவே அவருக்கு பெல்ட். அது நின்றால் முதுகும் தலையும் ஒன்றாகத் தாங்கப்படும். மல்லாந்துவிட்டால் உடம்பு சரிவில் ஏறி, தோள் பெல்ட்டின் பிடி விட்டு, தலை முதலாகப் பின்னால் போகும். உங்கள் கணவருக்கு நடந்ததாக நீங்கள் எழுதியிருப்பது ஒரு எழுத்து மாறாமல் இதுவேதான். சாய்மானத்தை ஏற்றி இறக்கும் பல்லுள்ள பூட்டு ஒன்று சீட்டின் பக்கத்தில் இருக்கும். மெக்கானிக்குகள் ரிக்ளைனர் என்பார்கள். பல்லு தாண்டிப் போவது, வெல்டிங் விடுவது, ஒரு பக்கப் பூட்டு மட்டும் தோற்று சீட் முறுக்கிக்கொண்டு விழுவது என்று பல விதமாக இது நடக்கலாம். எது நடந்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வண்டி வேண்டும்.

கம்பெனி என்ன சொல்லும் என்பது ஓரளவு தெரியும். "சாய்மானம் கொஞ்சம் வளைய வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறோம். கல்லு மாதிரி நின்றால் கழுத்து ஒடிந்துவிடும்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வளைந்து விசையை வாங்கிக்கொள்ளும் சீட் நல்ல சீட்தான். ஆனால் வளைவது வேறு, படுத்துவிடுவது வேறு. அமெரிக்காவில் இந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே சீட்டின் பலத்துக்கான விதி 1960-களின் கடைசியில் வந்தது. அதன் பிறகு பெரிதாக மாறவே இல்லை. அதைத் திருத்தச் சொல்லி 2021-ல்தான் சட்டம் வந்தது. 2016-ல் டெக்சாஸில் ஒரு ஜூரி, ஓட்டுநர் சீட் பின்னால் முறிந்து விழுந்து பின்சீட்டில் இருந்த சிறுவனுக்கு மூளைக்காயம் ஏற்பட்ட வழக்கில் 12 கோடி டாலருக்கு மேல் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தொகையைப் பார்த்து மனக்கணக்குப் போட வேண்டாம். நம் ஊரில் அப்படிக் கொடுப்பதில்லை. ஆனால் இது உங்கள் கற்பனையில் உதித்த குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்தில் வலுவான ஒரு விஷயம் இருக்கிறது. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதே கார், அதே மோதல், ஆனால் பக்கத்துச் சீட்டு முறியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி செய்யப்பட்டவை என்றால் ஒன்று மட்டும் ஏன் முறிந்தது? இது நல்ல கேள்வி. ஆனால் இதுவே முடிவு கட்டிவிடாது. சீட்டின் மேல் விழும் விசை உட்கார்ந்திருப்பவரின் எடையைப் பொறுத்தது. நீங்கள் 54 கிலோ, கணவர் 82 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி எந்தப் பக்கம் அதிகமாக இடித்தது என்பதும் சேரும். அதனால் பக்கத்துச் சீட்டையும் தொடாமல் வைத்திருங்கள். நிபுணர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

5 ஸ்டார் பேச்சை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் வண்டி 2022 மாடல் என்பதால் அந்த நட்சத்திரம், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு கொடுத்ததாக இருக்கும். 2023 அக்டோபரில் தொடங்கிய நம்முடைய பாரத் என்கேப்பும் கிட்டத்தட்ட அதே வழிதான்: முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டரில், பக்கவாட்டு மோதல் 50-ல், கம்பத்தில் பக்கவாட்டாக 29-ல். காரின் பின்னால் வந்து இடிக்கும் சோதனை அந்த நட்சத்திரக் கணக்கில் இல்லை. அரசின் ஒப்புதல் சோதனையில் தேறிய சீட் என்றும் சொல்வார்கள். தேறியது மாதிரிக்கு எடுத்த சீட். உங்கள் வண்டிக்கு வந்த சீட்டில் வெல்டிங் எப்படி இருந்தது என்பதற்கு அந்தச் சான்றிதழ் பதில் சொல்லாது.

லாரிதானே இடித்தது?

இதுதான் எல்லோரும் உங்களைச் சும்மா இருக்கச் சொல்லும் காரணம். லாரியை இடிக்கச் சொன்னது கார் கம்பெனி இல்லை, சரி. ஆனால் சாலையில் ஓடும் வண்டி ஒருநாள் இடிபடலாம் என்பது அதைச் செய்கிறவருக்குத் தெரியாதா? அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1968-ல் லார்சன் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. விபத்தை உண்டாக்காவிட்டாலும், விபத்தில் காயத்தைக் கூட்டிய வடிவமைப்புக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்றது. நம் சட்டத்தில் இதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் தனி அத்தியாயமே இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கார் அதன் பிறகு வாங்கியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தாங்களே வகுத்த அளவிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, பயன்படுத்துவது பற்றிய எச்சரிக்கை போதாமை என்று 84-ஆம் பிரிவு அடுக்குகிறது. இவற்றில் ஒன்று இருந்து, அதனால் கேடு வந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. கம்பெனியில் யார் அசட்டையாக இருந்தார் என்று நீங்கள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் குறை இருந்ததையும், காயம் அதனால் கூடியதையும் காட்டியாக வேண்டும். அந்தச் சுமை உங்கள் தோளில்தான் இருக்கிறது. லேசானதும் இல்லை.

வாரண்டி முடிந்துவிட்டதே என்ற கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வாரண்டி என்பது பாகம் கெட்டால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற வாக்கு. ஆளைக் காயப்படுத்திய குறைக்கான பொறுப்பு அதோடு முடிவதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இந்த வழக்கில் காரின் விலையைக் கேட்க முடியாது. 'கேடு' என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கம், குறையுள்ள பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை வெளியே தள்ளிவிடுகிறது. உடல் காயம், அதோடு வந்த மன வேதனை, துணையின் உதவியும் தோழமையும் இல்லாமல் போன இழப்பு ஆகியவை உள்ளே வரும். கடைசியாகச் சொன்னது உங்களுடையது. உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி நீங்கள் கேட்ட ஒரு வரிகூட இல்லை என்பதால் சொல்கிறேன்.

இரண்டு வழக்கு போடலாமா?

போடலாம். ஆனால் எதற்கு அவசரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். லாரியின் இன்சூரன்ஸ் மேல் போடும் எம்.சி.ஓ.பி. மனுவை, அதாவது விபத்து இழப்பீட்டு மனுவை, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யச் சொல்கிறது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். உங்களுக்கு மீதம் இருப்பது ஒன்றரை மாதம். கணவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, உங்கள் கழுத்து வலிக்கும் ஒன்று. நின்ற வண்டியில் பின்னாலிருந்து மோதியிருப்பதால் தவறு யார் மேல் என்பதில் பெரிய தகராறு வராது. வருமானத்துக்கு ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரித் தாக்கலும் எடுத்து வையுங்கள். ஊனத்தின் சதவீதத்துக்கு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும்.

ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து, "ஜெயித்தால் இவ்வளவு சதவீதம் கொடுங்கள், இப்போது ஒன்றும் வேண்டாம்" என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பில் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். பீஸ் பேசிக் கொடுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்ணுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள்.

கார் கம்பெனியின் மேல் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இது மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்கிறது. அதனால் லாரி இன்சூரன்ஸில் பணம் வாங்கினால் இந்தக் கதவு மூடிவிடும் என்பது தவறு. ஆனால் ஒரே ஆஸ்பத்திரி பில்லை இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. அங்கே கிடைத்ததை இங்கே மறைக்கவும் கூடாது. மறைத்தது தெரிந்தால் மீதியும் நம்பப்படாது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை. காருக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்டம். இந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். உங்கள் கார் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். மனுவோடு சேர்த்து, வண்டியை யாரும் தொடக் கூடாது என்று இடைக்கால உத்தரவும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். 38-ஆம் பிரிவு இரண்டுக்கும் இடம் தருகிறது. நம் ஊர்ப் பக்கமே, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது, புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, எங்கே அனுப்புவது என்பது ஆணையத்தின் முடிவு. சோதனைச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் வருடக் கணக்கில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. கணவரே ஆர்.சி. உரிமையாளர், அவரே ஓட்டினார். உங்கள் கார் பாலிசியிலேயே உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். மரணத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. அவருடைய நிலை அதில் வருமா என்பதை மருத்துவக் குழுவின் சான்றிதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

உங்கள் பலவீனங்கள்

சீட் கவர். ஷோரூமிலேயே டெலிவரியின்போது போட்டுக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பில்லைத் தேடி எடுங்கள். வாங்கியவர் சீட்டில் மாற்றம் செய்தார் என்ற வாதம் நிச்சயம் வரும். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மேல் வழக்குப் போட முடியாது என்று நுகர்வோர் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் மாட்டியதே விற்றவர் என்றால் அந்த வாதம் அவருக்கு உதவாது. அவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாம். ரெக்சின் உறையால் இரும்புப் பூட்டு உடையாது என்பதையும் நிபுணர் அறிக்கையில் சொல்ல வைக்க வேண்டும்.

விபத்து வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டரின் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கையை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் பின் டிக்கி நசுங்கியது, விளக்கு உடைந்தது என்று வெளிச்சேதம் மட்டும் இருக்கும். சீட் பற்றி ஒரு வரி இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அதனால்தான் படங்களும் ஆய்வும். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், "சீட் முறிந்து பின்னால் விழுந்தார்" என்று எழுதியிருந்தால் அது தங்கம். இல்லையென்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம், இந்த மாதிரி முறிவு எப்படிப்பட்ட விசையால் வரும் என்று எழுதிக் கேளுங்கள். சீட் நின்றிருந்தால் இந்தக் காயம் இந்த அளவுக்கு வந்திருக்காது என்பதுதான் வழக்கின் கழுத்து நரம்பு. அதை டாக்டரும் இன்ஜினீயரும் சேர்ந்துதான் நிறுவ முடியும்.

உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். சீட் சம்பந்தப்பட்ட பாகத்துக்காக வண்டிகளை அழைப்பது நம் நாட்டில் நடக்காத விஷயம் இல்லை. 2022 டிசம்பரில் மாருதி சுசூகி முன்சீட் பெல்ட்டின் உயரம் சரிசெய்யும் பாகத்துக்காக 9,125 வண்டிகளை அழைத்தது. அழைப்பு இல்லையென்றால் குறையே இல்லை என்று அர்த்தமாகாது. இருந்தால் உங்கள் வேலை பாதியாகும்.

அப்புறம் மகன். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அது மீறப்பட்டிருக்கிறது, மனுவில் மறைக்காதீர்கள். மகனுக்கான தொகையைக் குறைக்க இரண்டு இடத்திலும் எதிர்த்தரப்பு இதைப் பயன்படுத்தும், கொஞ்சம் குறையவும் கூடும். ஆனால் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: குழந்தை தூக்கி எறியப்பட்டுக் காயப்படவில்லை. உட்கார்ந்திருந்த இடத்திலேயே, அப்பாவின் எடையோடு சாய்மானம் தொடை மேல் விழுந்து காயப்பட்டிருக்கிறான். பெல்ட் போட்டிருந்தாலும் அவன் அதே இடத்தில்தான் இருந்திருப்பான். நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறேன். வழக்குக்காக மட்டும் இல்லை. அவருக்கும் அந்தப் பதில் தேவை.

ஒன்றரை லட்சம் தள்ளுபடித் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். "முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது" என்ற வாசகம் அதில் எங்காவது இருக்கும். சட்ட நடவடிக்கை பற்றிய கடிதம் போன பிறகு கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது பேச வரலாம். வந்தால் பேசுங்கள், தப்பில்லை. சமரசத்தில் முடிந்தால் அதுவும் நல்லதே. கணவர் படும் பாட்டில் வருடக் கணக்கில் வாய்தாவுக்கு அலைய முடியுமா என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வண்டி உங்கள் கையில் இருக்கும்போது நடக்கும் பேச்சும், இல்லாதபோது நடக்கும் பேச்சும் ஒன்றாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போகும்போது தனியாகப் போக வேண்டாம். படம் எடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நான்கு கதவுப் பக்கமும் நின்று வீடியோ எடுக்கட்டும். ஓட்டுநர் சீட்டின் இரண்டு பக்கப் பூட்டையும், கீழே தண்டவாளத்தையும், பக்கத்துச் சீட்டையும் கிட்டத்திலும் தூரத்திலும் எடுக்கட்டும். டேஷ்போர்டில் இருக்கும் சாமி படம், பின்சீட்டில் கிடக்கும் மகனுடைய செருப்பு என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், எடுப்பதையும் படம் பிடித்துக்கொண்டு. முன்சீட் இரண்டின் மேலும் கை வைக்கக் கூடாது. முக்கியமாக, இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன் என்று அந்த லிவரை இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.